பார்த்தது போதும், கொஞ்சம் ஓடிப் பாருங்கள்

விளையாட்டென்றால் உயிரை விடும் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். கிரிக்கட் நடக்கும் நாளில் அவருக்குப் பசியே தெரியாது. யாராவது தொலைக்காட்சிக்குக் குறுக்கே போய்விட்டால் வீடு இரண்டாகிவிடும். கதிரையில் சாய்ந்தபடி தேசிய அணிக்கு ஆலோசனை சொல்வார். பத்துப் படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கும். அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. நாற்பத்திரண்டு வயது வரை அவர் வேறு யாருமில்லை, நானேதான்.

எனது பைத்தியம் அரபுக் கல்லூரி விடுதியில் ஆரம்பமானது. 1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. விடுதியில் வானொலி வைத்திருக்க அனுமதி கிடையாது. ஆனால் ஒரு மாணவனின் தலையணை உறைக்குள் சின்ன டிரான்சிஸ்டர் ஒன்று இருந்தது. அது உஸ்தாத்மாரைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும். அரவிந்த டி சில்வா முதலில் மூன்று விக்கட்டுகளைச் சாய்த்தார். பிறகு ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்தார். இலங்கை அவுஸ்திரேலியாவை 7 விக்கட்டுகளால் வென்றபோது, சத்தம் போட முடியாமல் பாயைக் கடித்துக்கொண்டு கிடந்தோம். மறுநாள் ஸுபஹுக்குப் பின் எங்கள் உஸ்தாதின் முகத்திலும் ஒரு சிரிப்பு இருந்தது. அவருக்கு யார் செய்தி சொன்னார்கள் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

அன்று பிடித்தது பிறகு விடவேயில்லை. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் மூன்றாவதாக வந்ததும், முதலாவதாக வந்தவர் ஊக்கமருந்து விவகாரத்தில் பதக்கத்தை இழந்ததால் அந்த வெண்கலம் பின்னர் வெள்ளியானதும், 2010 ஜூலையில் காலி மைதானத்தில் முரளிதரன் தனது கடைசி டெஸ்டின் கடைசிப் பந்தில் 800ஆவது விக்கட்டை எடுத்ததும் எனக்கு என் பிள்ளைகளின் பிறந்த திகதிகளைவிட நன்றாக ஞாபகமிருக்கின்றன. இதை எழுதுவது மனைவிக்குத் தெரியாது.

நாற்பத்திரண்டாவது வயதில் கால் விறைப்பதாகத் தோன்றி வைத்தியரிடம் போனேன். வெறும் வயிற்றில் இரத்தத்தில் சீனி 168 இருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 8.1.

"உடற்பயிற்சி ஏதும் செய்றீங்களா மௌலவி?"

"கிரிக்கட்" என்றேன்.

"விளையாடுவீங்களா?"

"பார்ப்பேன்."

வைத்தியர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஏனென்றால், எனது வாப்பாவுக்கு ஐம்பத்தாறாவது வயதில் இதே சீனி வியாதியால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஊன்றுகோல் இரண்டையும் பள்ளிவாசல் படியில் சாய்த்து வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி ஸப்புக்குப் போகும் அவரை எத்தனையோ வருடங்கள் பார்த்தவன் நான். வைத்தியசாலையிலிருந்து வீடு வரும் வழி முழுக்க என் கண் எனது கால்களிலேயே இருந்தது.

ஒரு கிழமை கழித்து ஸுபஹுக்குப் பின் கடற்கரை வீதியில் ஓட ஆரம்பித்தேன். ஓட்டம் என்று சொல்வது பெரிய வார்த்தை. நீளக் காற்சட்டை, தலையில் தொப்பி, பையன் பாடசாலைக்குப் போட்டு ஒதுக்கிய சப்பாத்து. இருநூறு மீற்றர் போவதற்குள் நெஞ்சு அடைத்தது. எதிரே சைக்கிளில் வந்த மீன் வியாபாரி பதறிப்போய்ப் பிரேக் பிடித்தார். "என்ன மௌலவி, யாரும் மௌத்தா?" எங்கள் ஊரில் ஒரு மௌலவி ஓடினால் வேறு காரணம் இருக்க முடியாது! மூன்றாம் நாள் தெரு நாய்கள் துரத்தின. அன்றைக்கு ஓடிய வேகத்தில் அதன் பிறகு நான் ஓடியதே இல்லை. பாடசாலையில் பின்வாங்கு மாணவர்கள் எனக்கொரு பட்டப்பெயரும் வைத்தார்கள். அது இந்தச் சஞ்சிகைக்கு வேண்டாம்.

வாசகர்களே, நான் செய்த பிழை என்னவென்று பிறகுதான் விளங்கிற்று. தொலைக்காட்சியில் பார்த்த வேகத்தில் ஓட முயன்றிருக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர் ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி ஒரு நிமிடம் ஓட வேண்டும். ஜெஃப் கலோவே என்ற அமெரிக்க ஒலிம்பிக் ஓட்டவீரர் 1970களில் இருந்து சாதாரண மக்களுக்குக் கற்றுக்கொடுத்த வழி இப்படி நடந்து நடந்து ஓடுவதுதான். ஓடும்போது பக்கத்தில் இருப்பவருடன் முழு வசனமாகப் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். எனக்குப் பேச்சுத் துணை இல்லாததால் ஓடிக்கொண்டே யாஸீன் ஓதினேன். மூச்சு முட்டி ஆயத்து அறுந்தால் நடையாக்கிக்கொள்வேன்.

சீனி வியாதிக்காரருக்கு ஓட்டம் ஏன் நல்லது என்று கேட்பீர்கள். வேலை செய்யும் தசை, இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும், இரத்தத்திலிருந்து சீனியை இழுத்து எரித்துவிடும். ஓடி முடித்த பிறகும் பல மணித்தியாலங்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யும். அதேவேளை இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் சிலவகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் சீனி சட்டென்று இறங்கிவிடக்கூடும். ஆகவே வைத்தியரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். சட்டைப்பையில் இரண்டு டொபியாவது இருக்கட்டும். சப்பாத்தைப் போட முன் உள்ளே கைவிட்டுக் கல், மணல் உண்டா என்று பாருங்கள். வந்ததும் பாதங்களைத் துடைத்து விரலிடுக்குகளைப் பாருங்கள். வாப்பாவின் கால் போனதற்கு ஆரம்பம் ஒரு சின்னக் கொப்புளம். உணர்ச்சி குறைந்த பாதம் என்பதால் அது இருந்ததே அவருக்குத் தெரியவில்லை.

மனைவியையும் இழுத்து வரலாம் என்று பார்த்தேன். நபி (ஸல்) அவர்கள் பயணமொன்றில் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதையும், முதல் முறை ஆயிஷா நாயகி முந்தியதையும், சில காலத்துக்குப் பின் அவர்கள் உடம்பு வைத்திருந்தபோது நபியவர்கள் முந்தியதையும் அபூதாவூதிலிருந்து எத்தனை முறை பாடம் நடத்தியிருப்பேன்! அந்த உடம்பு வைத்த விடயத்தை வீட்டில் எடுத்துச் சொன்னதுதான் பிழையாகிவிட்டது. "இப்ப உடம்பு வெச்சது யாரெண்டு கண்ணாடியில போய்ப் பாருங்க" என்றார். ஆனாலும் வந்தார். அவர் ஓடுவதில்லை, வேகமாக நடப்பார். எனது ஓட்டமும் அவரது நடையும் பல நாட்கள் ஒரே வேகம்தான்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு பக்கத்து ஊரில், நோயாளர் நிதிக்காக ஐந்து கிலோமீற்றர் ஓட்டமொன்று வைத்தார்கள். பரிசுக்காக அல்லாமல் சும்மா சந்தோஷத்துக்காக ஓடும் ஓட்டத்தைப் 'பன் ரன்' என்கிறார்கள். இங்கிலாந்தில் 2004இல் ஒரு பூங்காவில் 13 பேருடன் ஆரம்பித்த 'பார்க்ரன்' இன்று எத்தனையோ நாடுகளில் சனிக்கிழமை தோறும் நடக்கிறது. அதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்றுண்டு. எல்லோருக்கும் பின்னால் தொண்டர் ஒருவர் நடந்து வருவார். கடைசியாக முடிப்பவர் எப்போதும் அவரே. ஆகவே வந்தவர் யாரும் கடைசியாவதில்லை.

எங்கள் ஓட்டத்தில் அப்படி ஒருவர் இல்லை. முதல் கிலோமீற்றரிலேயே பாடசாலைப் பிள்ளைகள் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். கடைசிக் கிலோமீற்றரில் எனக்குத் துணையாக இருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். "நான் முப்பது வருஷம் இந்த ரோட்டால போனவன், என்ன விட்டுட்டுப் போங்க மௌலவி" என்றார். விடவில்லை. உண்மையைச் சொன்னால், விட்டுப்போக எனக்கும் வலு இருக்கவில்லை. நாற்பத்தொரு நிமிடத்தில் முடித்தோம். அப்போது பதாகையின் ஒரு பக்கத்தைக் கழற்றியிருந்தார்கள். சின்ன மகன் மட்டும் தண்ணீர்ப் போத்தலுடன் நின்று கைதட்டினான். "வாப்பா, எத்தனையாவது?" "எண்ணல்ல மகன்" என்றேன்.

அன்றிரவுதான் கருணானந்தவின் நினைவு வந்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக், 10,000 மீற்றர். அந்த ஓட்டத்தில் அமெரிக்காவின் பில்லி மில்ஸ் யாரும் எதிர்பாராத விதமாக முதலாவதாக வந்தார். தூனிசியாவின் முஹம்மத் கம்மூதி இரண்டாவது, உலக சாதனையாளராக இருந்த அவுஸ்திரேலியாவின் ரொன் கிளார்க் மூன்றாவது. எல்லோரும் ஓடி முடித்த பிறகும் 67ஆம் இலக்கம் அணிந்த ஒருவர் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். இலங்கையர், ரணதுங்க கருணானந்த. முதலில் அரங்கம் சிரித்தது. அவர் நிற்கவில்லை. அடுத்தடுத்த சுற்றுகளில் சிரிப்பு அடங்கி, முடிவுக் கோட்டை அவர் தாண்டும்போது முழு அரங்கும் கைதட்டியது. பிற்காலத்தில் ஜப்பானியப் பாடசாலைப் பாடநூலில் அவர் கதை பாடமாக இடம்பெற்றது. சிறு வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது, தோற்றவருக்கு எதற்குப் பாடம் என்றுதான் நினைத்தேன். நீங்கள் ஒரு முறை கடைசியாக ஓடிப் பாருங்கள், அந்தத் தனிச் சுற்றுகளின் நீளம் தெரியும்.

இப்போது நான் விளையாட்டுப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. 2019 பெப்ரவரியில் டேர்பனில் குசல் பெரேரா ஆட்டமிழக்காமல் 153 ஓட்டங்கள் எடுத்துத் தென்னாபிரிக்காவைத் தோற்கடித்ததை ஊரே கொண்டாடியது. அன்றைக்கு நானும் 153ஐத்தான் கொண்டாடினேன். மறுமுனையில் கடைசித் துடுப்பாட்டக்காரராக நின்ற விஷ்வ பெர்னாண்டோ 27 பந்துகளைச் சந்தித்து எடுத்த அந்த 6 ஓட்டங்கள் இல்லாவிட்டால் அந்த 78 ஓட்ட இணைப்பாட்டம் ஏது? இன்று எனக்கு அந்த 6 தான் பெரிது. இதை ஆசிரியர் அறையில் சொல்லி ஒருவரையும் நம்பவைக்க முடியவில்லை.

சீனி 6.8க்கு இறங்கியிருக்கிறது. மாத்திரை தொடர்கிறது. கிரிக்கட் நாளில் பசியில்லாமல் உட்காரும் வியாதி குறையவில்லை. அத்துடன் புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. பெரிய போட்டிகளில் நீண்ட தூர ஓட்டத்தைக் காட்டுவார்கள் பாருங்கள், முதல் மூவர் முடித்ததும் கமரா கொடி போர்த்தியவரின் பின்னால் போய்விடும். "இன்னும் ஆள் ஓடுதுடா, அங்க காட்டு!" என்று நான் தொலைக்காட்சியைப் பார்த்துச் சத்தம் போடுகிறேன். குசினியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "அவருக்கு மறுகா தொடங்கிட்டு" என்று பிள்ளைகளிடம் சொல்லிப் போகிறார்.