கல்யாணம்தான் கிடையாது, சேர்ந்து வாழத் தடையில்லை!
2 பெண்கள் வழக்கில் ஐகோர்ட்டு உத்தரவு, போலீசாருக்குக் கண்டனம்

வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் 2025-ம் ஆண்டு மே மாதம் சென்னை ஐகோர்ட்டில் வந்து நின்றார். அவரை வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள், மீட்டுத் தாருங்கள் என்று ஆட்கொணர்வு மனு போட்டவர் இன்னொரு பெண்.

புருஷன் பெண்டாட்டியை மீட்கவும், தகப்பன் மகளை மீட்கவும் இப்படி மனு போடுவது உண்டு. இங்கே மனு போட்டவர் அந்தப் பெண்ணின் ஜோடி!

தாயாரும் கோர்ட்டுக்கு வந்திருந்தார். மகளைக் கெடுத்ததே மனு போட்ட பெண்தான் என்பது அவருடைய புகார். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் இருவரும் அந்தப் பெண்ணிடமே நேரில் விசாரித்தார்கள். அவர் எதையும் ஒளிக்கவில்லை. தன்னை வலுக்கட்டாயமாக வீட்டுக்குக் கொண்டுபோய் அடித்ததையும், 'சரியாக்க' வேண்டும் என்று சடங்குகள் செய்ததையும் சொன்னார். மனு போட்டவரோடு போகவே விருப்பம் என்றார்.

போலீசுக்குக் குட்டு

ஏற்கனவே போலீசில் புகார் போயிருந்தது. போலீசார் செய்தது என்ன? மேஜரான பெண்ணை, பெற்றோரோடு போ என்று கட்டாயப்படுத்தி அனுப்பினார்கள். நீதிபதிகள் இதைக் கடுமையாகக் கண்டித்தார்கள்.

மே 22-ந் தேதி உத்தரவு வந்தது. அந்தப் பெண் விரும்பிய இடத்துக்குப் போகலாம், குடும்பத்தார் குறுக்கே நிற்கக் கூடாது, தேவைப்பட்டால் போலீஸ் பாதுகாப்புத் தர வேண்டும் என்றார்கள். கல்யாணம் செய்தால்தான் குடும்பம் என்பதில்லை, இவர்களும் ஒரு குடும்பம்தான் என்றும் சொன்னார்கள்.

தாயை அவர்கள் திட்டவில்லை. இமாச்சலப் பிரதேச தலைமை நீதிபதியாக இருந்த லீலா சேத், தன் மகனை அவன் இருந்தபடியே ஏற்றுக்கொண்டவர். எல்லா அம்மாவும் லீலா சேத் ஆகிவிட முடியாதே என்று தீர்ப்பிலேயே ஆறுதலாக எழுதினார்கள்.

மலைக்குக் கீழும் மேலும்

இது வேலூர் சமாச்சாரம்தானே என்று விட்டுவிட முடியாது. புளியஞ்சோலையை எடுத்துக்கொள்வோம். அடிவாரம் திருச்சி மாவட்டம். மலை ஏறினால் கொல்லிமலை, அது நாமக்கல் மாவட்டம். இரண்டு பெண்கள் இதே சிக்கலில் மாட்டினால் கீழே இருப்பவர் மதுரை ஐகோர்ட்டு கிளைக்குப் போக வேண்டும், மேலே இருப்பவர் சென்னைக்கு. ஆனால் போலீசாருக்கு விதி ஒன்றுதான். 2021-ல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் போட்ட உத்தரவுக்குப் பிறகு, 2022-ல் தமிழக போலீஸ் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒன்று சேர்த்தார்கள். இப்படிப்பட்டவர்களைப் போலீசார் தொந்தரவு செய்யக் கூடாது என்பதே அது.

அப்படியானால் கல்யாணத்தைப் பதிவு செய்யலாமா? அதுதான் கிடையாது!

ஒரே பாலினத்தவர் உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2023 அக்டோபர் 17-ந் தேதி 5 நீதிபதிகள், கல்யாணச் சட்டத்தை மாற்றுவது பார்லிமெண்டின் வேலை, எங்கள் வேலை அல்ல என்று கைவிரித்தார்கள். கல்யாணம் வேண்டாம், உறவுக்கு ஒரு அங்கீகாரமாவது கொடுக்கலாமே என்ற கேள்வியில் 3 பேர் ஒரு பக்கம், 2 பேர் ஒரு பக்கம். அதுவும் தோற்றது.

ஆக, சர்க்கார் இவர்களைப் பிரிக்க முடியாது. சேர்த்து வைத்துச் சர்டிபிகேட்டும் கொடுக்காது. நடுவில் சில்லறைச் சலுகைகள் உண்டு. ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகக் கருதலாம், பாங்கில் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடலாம் என்று 2024-ல் மத்திய அரசு சொன்னது. சொத்து விஷயத்தில் உயில் எழுதாமல் ஒருவர் கண்ணை மூடினால் மற்றவருக்குப் பங்கு இல்லை. கூடவே இருந்து சம்பாதித்துக் கொடுத்திருந்தாலும் சரி, வாரிசு என்று வந்து நிற்பது அடைத்து வைத்த அதே குடும்பம்தான்!

வாடகை வீடு தேடிப் போனாலும் இதே கதை. பாரபட்சம் காட்டக் கூடாது என்ற அரசியல் சட்ட விதி பெரும்பாலும் சர்க்காரைத்தான் கட்டும், வீட்டுக்காரரைக் கட்டாது. "உங்களுக்கு வீடு இல்லை" என்று அவர் கதவைச் சாத்தினால், அதற்கென்று வழக்குப் போட தனிச் சட்டம் எதுவும் இன்னும் வரவில்லை.