குழாயில் தயங்கும் ரத்தம்

எட்டயபுரத்து வாசகி ஒருவரின் கேள்வி: 'மூன்று முறை கரு கலைந்த மகள் மறுபடி உண்டாகியிருக்கிறாள். ஏ.பி.டி.டி. சோதனையில் ரத்தம் தாமதமாக உறைகிறது என்று வந்திருக்கிறது. டாக்டரோ உறையாமல் இருக்க ஊசி எழுதுகிறார். எது சரி?'

இரண்டும் சரிதான். 1983இல் லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ் விவரித்த ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோமின் குணமே அது. கிருமியைப் பிடிக்க வேண்டிய எதிர்ப்பொருள், கொழுப்புப் படலங்களில் உட்காரும் நம் சொந்தப் புரதங்களையே பிடித்துக்கொள்கிறது.

உறைதல் புரதங்களுக்கும் உட்கார அதே படலம்தான் வேண்டும். சோதனைக் குழாயில் அது கொஞ்சமே இருக்கும். கோவில்பட்டி பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அப்படி எதிர்ப்பொருள்கள் முந்திக்கொள்ள, உறைதல் புரதங்கள் நின்றபடி தவிக்கின்றன, கடிகாரம் ஓடுகிறது. உடம்பில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே இதே ஆசாமிகள் ரத்தக்குழாயின் உட்சுவரையும் தட்டணுக்களையும் உசுப்பிவிடுகிறார்கள். கெண்டைக்காலில் ரத்தக்கட்டு, சின்ன வயதிலேயே பக்கவாதம். கர்ப்பிணிக்கு நஞ்சுக்கொடியே சரியாக வளராது.

இன்னொரு விசித்திரம், கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகப் பார்க்கும் பால்வினை நோய்ச் சோதனையான வி.டி.ஆர்.எல். அதில் இருப்பது கார்டியோலிப்பின். 1941இல் மேரி பாங்போர்ன் மாட்டு இதயத்திலிருந்து பிரித்த கொழுப்பு. இந்த எதிர்ப்பொருள்கள் அதிலும் ஒட்டும். பால்வினை நோயே இல்லாதவளுக்கு 'பாசிட்டிவ்' வந்துவிடும். டி.பி.எச்.ஏ. என்ற உறுதிச் சோதனையைச் செய்யாமல் சீட்டை வீட்டாரிடம் நீட்டினால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கரு கலைந்ததற்கும் அவள், இதற்கும் அவள்! நாகதோஷம்தான் காரணம் என்பவர்கள் அதைக் கழிக்கத் தாராளமாகப் போகட்டும். போகிற வழியில் சோதனைக்கு ரத்தமும் கொடுக்கலாமே?

ஒரு சோதனை போதாது. காய்ச்சலுக்குப் பிறகு இந்த எதிர்ப்பொருள் சிலருக்குத் தற்காலிகமாகத் தலைகாட்டும். எனவே 12 வாரம் கழித்து மறுபடி பார்த்தே நோயை உறுதி செய்வார்கள். கர்ப்பத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் தருவார்கள். பெரும்பாலோருக்குப் பிள்ளை தங்குகிறது. ஏற்கெனவே ரத்தக்கட்டு வந்தவர்கள் பொதுவாக ஆயுள் முழுக்க வார்ஃபரின் வகை மாத்திரை எடுக்க வேண்டும். அது சிசுவைப் பாதிக்கும். உண்டானது தெரிந்ததுமே டாக்டரிடம் சொல்லி ஹெப்பாரினுக்கு மாறிவிட வேண்டும்.