வீட்டைப் பிள்ளைக்கு எழுதுதல்

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென் எல்லையிலே, களப்பு கடலோடு கலக்கும் இடத்தை அண்டி அமைந்திருப்பது கொக்கிளாய். மீன்பிடியையும் வயலையும் நம்பி வாழும் அத்தகைய ஊரிலிருந்து ஒரு பிள்ளை உயர்தரப் பரீட்சையில் தேறி, யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ பல்கலைக்கழகம் செல்லும்போது, பெற்றோர் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுவதுண்டு. குடியிருக்கும் வீடுவளவை இப்பொழுதே பிள்ளையின் பெயருக்கு எழுதிவிட்டால் என்ன என்பதே அது. பெண்பிள்ளையாயின், பின்னர் கொடுக்கவேண்டிய சீதனம் முன்கூட்டியே முடிந்துவிடும் என்ற ஆறுதலும் அதனோடு சேர்ந்துகொள்ளும். எண்ணம் நல்லதே. ஆயினும் அன்பினாலே எழுதப்படும் உறுதியும் சட்டத்தின் முன் உறுதியே. எழுதியவரின் மனத்தில் இருந்ததை அது பார்ப்பதில்லை, ஏட்டில் உள்ளதையே பார்க்கும்.

கொடுக்க நினைப்பவர் முதலில் அறியவேண்டியது, தம்மிடம் உள்ள பத்திரம் எத்தகையது என்பது. வன்னியில் உள்ள காணிகளுள் பல பரம்பரை உறுதிக் காணிகள் அல்ல. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு வழங்கியவை. கடன்காரரிடம் சிக்கிக் குடியானவர் நிலத்தை இழந்துவிடலாகாது என்ற நோக்கத்தோடு இயற்றப்பட்ட சட்டம் அது. ஆதலால் அனுமதிப்பத்திரம் பெற்றவரோ அளிப்புப் பத்திரம் பெற்றவரோ தம் விருப்பப்படி நொத்தாரிசிடம் சென்று நன்கொடை எழுதிவிட முடியாது. பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் முன்னரே வேண்டும். சம்மதமின்றி எழுதப்பட்ட உறுதி, எத்தனை முத்திரை ஒட்டியிருந்தாலும் செல்லாது.

அனுமதிப்பத்திரக் காணியில் இன்னுமொரு சிக்கல் உண்டு. பெற்றவர் அங்கே குடியிருந்து நிலத்தை விருத்தி செய்யவேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. நான்கு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படிக்கப்போகும் பிள்ளையின் பெயருக்கு அந்நிபந்தனையை மாற்றுவது, சுமக்க இயலாத சுமையை ஏற்றுவதாகும். இத்தகைய காணிக்கு ஏற்ற வழி நன்கொடையன்று. பிள்ளையைப் பின்னுரித்தாளராக நியமிப்பதே. அந்நியமனம் உரிமையாளர் இறப்பதற்கு முன்னர் பதியப்பட்டிருத்தல் வேண்டும். மனம் மாறினால் அவர் அதனை நீக்கி வேறொருவரை நியமிக்கலாம். அவருக்குப் பின் வாழ்க்கைத்துணை உயிரோடிருந்தால், அவர் தம் ஆயுள்வரை காணியை அனுபவிப்பார். நியமனமின்றி விட்டால் சட்டத்தின் அட்டவணை வாரிசைத் தீர்மானிக்கும். மகளுக்கு முன்னே மகனை நிறுத்தியிருந்த அந்த அட்டவணையின் வேற்றுமையை 2022ஆம் ஆண்டின் திருத்தம் அகற்றியது.

உறுதிக் காணியாயின் வழி வேறு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். பெறுபவர் அதனை ஏற்றுக்கொண்டதாகவும் இருத்தல் வேண்டும்; ஏற்பு இல்லாத கொடை நிறைவுபெறாது. பதினெட்டு வயது நிரம்பிய மாணவர் தாமே கையொப்பமிட்டு ஏற்கலாம். வட மாகாணத் தமிழருக்குரிய தேசவழமையும் இங்கே குறுக்கிடும். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை தொகுத்த அவ்வழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற பிரிவுகள் முக்கியமானவை. வீடு திருமணத்துக்குப் பின் தேடிய தேட்டமாயின், அதிற் பாதி மனைவிக்குரியது. கணவர் தனித்து முழுவதையும் கொடையாக எழுத முடியாது. மனைவியின் சீதன வீடாயின், 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கணவரின் எழுத்து மூலமான சம்மதத்தை விதித்தது. சீதனம் அவளுடையது, சம்மதம் அவருடையது என்னும் இவ்விசித்திரத்தைப் பலர் கண்டித்துள்ளனர்.

இவற்றினும் பெரிது, பெற்றோர் எங்கே வாழ்வர் என்பது. ஏற்கப்பட்ட கொடையை எளிதில் மீட்கமுடியாது. மீளப்பெற இயலாத நன்கொடையை, கொடிய நன்றிகேடு என்ற காரணத்தினால் நீக்குவதற்கு 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழி வகுத்தாலும், அதற்கு வழக்குத் தொடுத்தே ஆகவேண்டும். பெற்ற பிள்ளையை நன்றிகெட்டவர் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க எந்தத் தாய் விரும்புவாள்? பிள்ளை நல்லவராகவே இருந்தும், அவர் பட்ட கடனுக்காக வீடு ஏலத்துக்குப் போகக்கூடும். ஆகவே, பெற்றோர் இருவருக்கும் ஆயுள்வரை சீவிய உரித்தை ஒதுக்கிவைத்து உறுதி எழுதுவதே தக்கது. பிள்ளைக்கு உரிமை சேரும்; முதியோருக்குக் கூரை நிற்கும். இவ்வொரு வாக்கியத்தை எழுதச் சொல்ல வெட்கப்படுவோர் பலர், அவ்வெட்கம் தேவையற்றது.

கொக்கிளாய் மக்களுக்கு வீடிழத்தல் கேட்டறிந்த செய்தியன்று. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்களின் தமிழ் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2009இல் போர் முடிந்தபின்னர் மீண்டுவந்தோருள் பத்திரங்களை இழந்தோர் பலர். மூல உறுதி தொலைந்தாலும், நொத்தாரிசு அனுப்பிய இணைப்பிரதி காணிப் பதிவகத்தில் இருக்குமாயின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெறலாம். அரச காணியாயின் பிரதேச செயலகப் பேரேட்டைத் தேடவேண்டும். பழைய உறுதிகளில் எல்லையாகக் குறிக்கப்பட்ட பனையும் வேலியும் பல ஆண்டுகள் காடேறிய நிலத்தில் இன்று தென்படாமற் போகலாம். அத்தகைய வளவைப் பிள்ளைக்கு எழுதுமுன், உரிமம் பெற்ற நிலஅளவையாளரைக் கொண்டு அயலவர் முன்னிலையில் எல்லையை அளந்து, புதிய வரைபடத்தை உறுதியோடு இணைக்க வேண்டும்.