பழைய கார்களில் தானியங்கிக் கியர்பெட்டிக் கோளாறுகள்: கண்டறிதலும் சரிசெய்தலும்

தானியங்கிக் கியர்பெட்டி என்பது, ஓட்டுநர் கிளட்ச் மிதிக்காமலும் கையால் கியர் மாற்றாமலும், வண்டியின் வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்பத் தானே கியரை மாற்றிக்கொள்ளும் அமைப்பு ஆகும். பேச்சு வழக்கில் இது ‘ஆட்டோமேட்டிக் கியர்’ எனப்படுகிறது. பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய கார்களில் இப்பெட்டி கோளாறு காட்டினால், பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு உடனே வந்துவிடுவது உண்டு. அந்தச் செலவு சில நேரங்களில் காரின் அன்றைய மதிப்பையே எட்டிவிடும். எண்ணெய்க் குறைவு, பழுதான சுவிட்ச், துருப்பிடித்த மின் இணைப்பு போன்ற சிறு காரணங்களும் அதே அறிகுறிகளைத் தரக்கூடும். ஆகவே வெளியிலிருந்து உள்ளே, குறைந்த செலவிலிருந்து கூடிய செலவுக்கு என்ற வரிசையில் சோதிப்பதே சரியான முறையாகும்.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில் உள்ள ஆமத்தூர் போன்ற ஊர்களில் இந்த வரிசை மேலும் முக்கியமாகிறது. கிளட்ச், பிரேக் வேலை தெரிந்த மெக்கானிக் பக்கத்திலேயே கிடைப்பார். தானியங்கிப் பெட்டியைப் பிரித்துக் கோக்கும் பட்டறையைத் தேடி மதுரை போன்ற நகரத்துக்குப் போக நேரிடலாம். வண்டியை அவ்வளவு தூரம் ஏற்றிச் செல்வதற்கு முன் ஊரிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் பல உள்ளன.

வகைகள்

கோளாறைத் தேடுவதற்கு முன், காரில் இருப்பது எந்த வகைப் பெட்டி என்று தெரிய வேண்டும். ‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே பெயரில் வெவ்வேறு இயந்திரங்கள் அழைக்கப்படுகின்றன.

டார்க் கன்வர்ட்டர் வகை: இதுவே பழைய வகை. ஜெர்மனியப் பொறியாளர் ஹெர்மன் ஃபொட்டிங்கர் கப்பல் இயந்திரங்களுக்காக 1905இல் காப்புரிமை பெற்ற திரவ இணைப்பு முறையே இதன் மூலம். அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் காரில் 1940ஆம் ஆண்டு மாடலில் வந்த ஹைட்ராமேட்டிக், பெருமளவில் விற்பனையான முதல் தானியங்கிப் பெட்டியாகும். இந்தியாவில் ஹூண்டாய் ஐ10, 2012இல் வந்த மாருதி டிசையர் ஆகியவற்றின் தானியங்கி மாடல்களில் இவ்வகை நான்கு கியர் பெட்டி இருந்தது.

சிவிடி வகை: இதில் தனித்தனிக் கியர்கள் இல்லை. விட்டம் கூடிக் குறையும் இரண்டு கப்பிகளுக்கிடையே எஃகுப் பட்டை ஓடுகிறது. நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958இல் ரப்பர் பட்டையுடன் இம்முறையைக் கார்களில் கொண்டுவந்தது. இந்தியாவில் 2014இல் வந்த ஹோண்டா சிட்டியின் தானியங்கி மாடல் சிவிடி ஆகும்.

ஏஎம்டி வகை: இது சாதாரணக் கியர்பெட்டிதான். கிளட்சை அழுத்துவதையும் கியரைத் தள்ளுவதையும் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கருவி செய்கிறது. 2014இல் வந்த மாருதி செலேரியோ மூலம் இவ்வகை இந்தியாவில் பரவியது.

இரட்டைக் கிளட்ச் வகை: ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒன்றும் இரட்டைப்படைக் கியர்களுக்கு ஒன்றுமாக இரண்டு கிளட்சுகள் கொண்டது. இதன் கோளாறுகளுக்குத் தனிப் பயிற்சியும் தனிக் கருவிகளும் வேண்டும்.

இவற்றுள் ஏஎம்டியை அடையாளம் காண எளிய வழி உண்டு. கியர் கம்பியில் ‘ஆர், என், டி’ ஆகியவை இருந்து, நிறுத்தி வைப்பதற்கான ‘பி’ என்ற நிலை இல்லையென்றால் அது பெரும்பாலும் ஏஎம்டி ஆகும்.

இயங்கும் விதம்

எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்று பட்டு மற்றதும் சுழலத் தொடங்கும். டார்க் கன்வர்ட்டரில் காற்றுக்குப் பதிலாக எண்ணெய் உள்ளது. இன்ஜினுடன் இணைந்த ஒரு சக்கரம் எண்ணெயை வீச, எதிரில் உள்ள சக்கரம் அதனால் சுழன்று பெட்டிக்கு விசையைத் தருகிறது. சீரான வேகத்தில் செல்லும்போது இவ்விரண்டையும் ஒரு கிளட்ச் இறுகப் பூட்டிவிடுகிறது. இது லாக்கப் கிளட்ச் எனப்படும்.

பெட்டிக்குள் பல கிளட்ச் தட்டுகள் உள்ளன. எந்தத் தட்டுகள் இறுக வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்து, சொலினாய்டு எனப்படும் மின்வால்வுகளைத் திறந்து மூடுகிறது. தட்டுகளை அழுத்துவது எண்ணெயின் அழுத்தமே. ஆக, இந்த ஒரே எண்ணெய் விசையைக் கடத்துகிறது, தட்டுகளை இறுக்குகிறது, உராய்வைக் குறைக்கிறது, சூட்டையும் ஏந்திச் செல்கிறது. எண்ணெய் குறைந்தாலோ கெட்டாலோ இந்த நான்கு வேலைகளும் ஒன்றாகப் பாதிக்கப்படும்.

அறிகுறிகளும் காரணங்களும்

காலையில் ‘டி’ அல்லது ‘ஆர்’ போட்டபின் வண்டி சில நொடிகள் கழித்து நகர்தல்: எண்ணெய் குறைந்திருக்கலாம். ரப்பர் சீல்கள் இறுகிப்போய் அழுத்தம் கசியலாம்.

இன்ஜின் இரைச்சல் ஏறியும் வேகம் ஏறாமை: கிளட்ச் தட்டுகள் வழுக்குகின்றன. முதலில் எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்து எண்ணெய் கருகியிருந்தால் தட்டுகள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் மீதித் தட்டுகளும் எரிந்துவிடும்.

கியர் போடும்போது ‘டொம்’ என்ற அதிர்ச்சி: இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்திருக்கலாம். இன்ஜினின் ஐடில் வேகம் கூடுதலாக இருக்கலாம். இவை இரண்டும் பெட்டிக்கு வெளியே உள்ளவை.

ஒரே கியரில் ஓடுதல்: கணினி ஒரு பிழையைக் கண்டு, பெட்டியைக் காப்பாற்ற அதனை ஒரே கியரில் நிறுத்தியிருக்கலாம். மின் இணைப்பு, சென்சார், சொலினாய்டு ஆகியவற்றில் தேட வேண்டும்.

சீரான வேகத்தில் செல்லும்போது நடுக்கம்: லாக்கப் கிளட்சின் நடுக்கமாகவோ, இன்ஜினில் ஒரு சிலிண்டர் சரியாக எரியாததாகவோ இருக்கலாம். ஆளில்லாச் சாலையில் ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இடக்காலால் பிரேக் பெடலைத் தொட்டால், பல கார்களில் லாக்கப் கிளட்ச் விடுபடும். அப்போது நடுக்கம் நின்றால் லாக்கப் கிளட்சையோ பழைய எண்ணெயையோ சந்தேகிக்கலாம். நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக், காயில் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

‘பி’ நிலையிலிருந்து கம்பி நகராமை: பிரேக் மிதித்தால்தான் கம்பி நகரும்படி பூட்டு அமைந்த கார்களில், பிரேக் சுவிட்ச் கெட்டால் இப்படி நேரும். பின்பக்கப் பிரேக் விளக்குகளும் எரியவில்லையென்றால் சுவிட்சையும் ஃபியூசையும் முதலில் சோதிக்க வேண்டும்.

ரேடியேட்டர் நீர் ரோஸ்மில்க் நிறமாதல்: சில கார்களில் பெட்டி எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே செல்கிறது. அது உடைந்தால் நீரும் எண்ணெயும் கலந்துவிடும். தண்ணீர் கலந்த எண்ணெய் கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சைப் பெயர்த்துவிடும் என்பதால், வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

எண்ணெய்ச் சோதனை

அளவுக்கம்பி உள்ள டார்க் கன்வர்ட்டர் கார்களில் இச்சோதனையை உரிமையாளரே செய்யலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடேற்றிய பின், பிரேக்கை மிதித்தபடி கம்பியை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்தி ‘பி’க்குக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலான கார்களில் இன்ஜின் ஓடும்போதே அளவு பார்க்கப்படும். ஹோண்டாவின் பல மாடல்களில் இன்ஜினை நிறுத்திய உடனே பார்க்க வேண்டும். எது பொருந்தும் என்பதைக் காரின் கையேடு சொல்லும். அளவுக்கம்பி இல்லாத கார்களில், குறிப்பிட்ட வெப்பநிலையில் அடியிலுள்ள திருகைத் திறந்து அளவு பார்ப்பார்கள். அது பட்டறை வேலை.

அளவுடன் நிறமும் மணமும் முக்கியம். புதிய எண்ணெய் பெரும்பாலும் தெளிந்த சிவப்பு. பழுப்பானால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே தேய்மானம் நடந்திருக்கிறது. அளவுக்கு மிஞ்சி ஊற்றினாலும் எண்ணெய் நுரைத்து அழுத்தம் குறையும்.

எந்த எண்ணெய் என்பதில் தாராளம் கூடாது. ஐ10 பெட்டிக்கு எஸ்பி-3 தர எண்ணெய், ஹோண்டா சிட்டி சிவிடிக்கு எச்சிஎஃப்-2 என ஒவ்வொன்றுக்கும் தனித் தரம் உண்டு. சிவிடியில் சாதாரணத் தானியங்கி எண்ணெயை ஊற்றினால் பட்டை வழுக்கிக் கப்பி கீறிப்போகும்.

மின்சோதனை

முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருப்பது இயல்பு. மின்னழுத்தம் குறைந்தாலும் எர்த் வயர் துருப்பிடித்தாலும் கணினி தவறான பிழைகளைப் பதியும்.

அடுத்து ஸ்கேனர் மூலம் பிழை எண்களைப் படிக்க வேண்டும். பி0700 என்பது கியர்பெட்டிக் கணினி ஏதோ ஒரு பிழையைப் பதிந்துள்ளது என்ற பொது அறிவிப்பு மட்டுமே. பி0715 உள்வேக சென்சாரையும், பி0730 கியர் விகிதம் பொருந்தாமையையும், பி0740 லாக்கப் கிளட்ச் சுற்றையும், பி0750 முதல் சொலினாய்டையும் சுட்டுகின்றன. பிழை எண் எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை, எங்கே தேட வேண்டும் என்றே சொல்கிறது. சென்சார் எண் வந்தால் சென்சாரை வாங்குவதற்கு முன் அதன் வயரையும் கனெக்டரையும் சோதிக்க வேண்டும். எலி கடித்த வயரும் அதே எண்ணைத் தரும்.

சரிசெய்தல்

முதல் படி, எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுவது. அடித்தட்டைக் கழற்றும்போது அதிலுள்ள காந்தத்தைப் பார்க்க வேண்டும். மெல்லிய சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம். உலோகச் சில்லுகளோ கருகிய துணுக்குகளோ இருந்தால் பெட்டியைப் பிரித்தாக வேண்டும். எண்ணெயின் ஒரு பகுதி டார்க் கன்வர்ட்டரிலேயே தங்கிவிடுவதால், ஒருமுறை வடித்தால் முழுவதும் மாறாது. சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் மீண்டும் வடித்து ஊற்றுவது வழக்கம். நீண்ட காலம் மாற்றாத பெட்டியில் இயந்திர அழுத்தம் கொடுத்துக் கழுவினால், படிந்திருந்த கசடு பெயர்ந்து வால்வுகளை அடைக்கும் ஆபத்து உண்டு.

இரண்டாம் படி, சொலினாய்டுகளையும் அவை அமர்ந்துள்ள வால்வ் பாடியையும் கவனிப்பது. சொலினாய்டின் மின்தடையை மல்டிமீட்டரால் அளந்து கையேட்டின் அளவுடன் ஒப்பிட வேண்டும். பல கார்களில் பெட்டியை இறக்காமலே இவ்வேலையைச் செய்ய முடியும்.

கடைசிப் படிதான் பெட்டியை இறக்கிப் பிரிப்பது. தட்டுகள், சீல்கள், டார்க் கன்வர்ட்டர் ஆகியவற்றுடன், எண்ணெய்க் குளிர்விப்பான் குழாயையும் சுத்தம் செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால் பழைய துகள்கள் புதிய பெட்டிக்குள் வந்து சேரும். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் பயன்படுத்திய பெட்டி கிடைப்பதுண்டு. மாடல் பெயர் மட்டும் பொருந்தினால் போதாது, பெட்டியின் குறியீட்டு எண்ணும் பொருந்த வேண்டும்.

ஏஎம்டியில் வழி வேறு. அங்கே குலுங்கலும் கியர் விழாமையும் பெரும்பாலும் கிளட்ச் தேய்மானத்தாலோ, கிளட்சை இயக்கும் கருவியின் பழுதாலோ வருகின்றன. கிளட்ச் மாற்றுவது ஊர் மெக்கானிக்குக்குத் தெரிந்த வேலைதான். ஆனால் மாற்றியபின் புதிய கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதை ஸ்கேனர் மூலம் கணினிக்குக் கற்பிக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் புதிய கிளட்சும் குலுங்கும்.

வெப்பமும் பராமரிப்பும்

எண்ணெயின் முதல் எதிரி சூடு. விருதுநகர் மாவட்டத்தின் கோடை வெயிலில், சரக்கு லாரிகளின் பின்னால் நின்று நின்று ஊரும் கார், திறந்த சாலையில் ஓடும் காரைவிட விரைவில் எண்ணெயைக் கெடுக்கும். கையேட்டில் ‘கடுமையான பயன்பாடு’ என்று தனியாகத் தரப்பட்டுள்ள குறைந்த இடைவெளியே இங்குப் பொருந்தும். ரேடியேட்டர் விசிறி சரியாக ஓடுகிறதா என்பதும் பெட்டியின் ஆயுளைத் தீர்மானிக்கும்.

சாதாரணக் கியர் காரில் பழகியவர்கள் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும். இறக்கத்தில் ‘என்’ போட்டு உருட்டக் கூடாது. வண்டி முழுதும் நின்ற பிறகே ‘ஆர்’ போட வேண்டும். மேட்டில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்தக் கூடாது. ஏஎம்டியில் இது கிளட்சை எரித்துவிடும்.

டார்க் கன்வர்ட்டர், சிவிடி கார்களைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. இன்ஜின் ஓடினால்தான் எண்ணெய்ப் பம்ப் ஓடும், பம்ப் ஓடினால்தான் கிளட்ச் தட்டுகள் இறுகும். அதே காரணத்தால், முன்சக்கரம் இழுக்கும் இக்கார்களைக் கயிறு கட்டி இழுத்தால் உள்ளே எண்ணெய் சுற்றாமல் பாகங்கள் தேயும். முன்சக்கரங்களைத் தூக்கியோ, முழு வண்டியையும் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும்.

முடிவெடுத்தல்

பெட்டி முழுவதையும் மாற்றச் சொல்லும் பட்டறையிடம் உரிமையாளர் மூன்றைக் கேட்டுப் பார்க்கலாம்: எழுத்தில் குறித்த பிழை எண்கள், வடித்த எண்ணெய், அடித்தட்டுக் காந்தத்தில் சேர்ந்த துகள். மூன்றும் உட்தேய்மானத்தைக் காட்டினால், பழுதுச் செலவைக் காரின் விற்பனை மதிப்புடனும் இன்ஜினின் நிலையுடனும் ஒப்பிட்டு முடிவெடுக்கலாம். எண்ணெய் தெளிவாக இருந்து, காந்தத்தில் பசை மட்டுமே இருந்து, பிழை எண் ஒரு சென்சாரையோ சொலினாய்டையோ சுட்டினால், பெட்டியை இறக்கும் முன் அந்தச் சிறு பாகத்தையே முதலில் சரிபார்க்க வேண்டும்.