ஈர நெல்லில் ஒளியும் விஷம்!
கண்ணாடித் தகட்டில் அகப்படும் விந்தை

ஐப்பசி பிறந்துவிட்டால் தஞ்சைச் சீமையில் இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடக்கும். ஒரு பக்கம் குறுவை அறுவடை. இன்னொரு பக்கம் அடைமழை.

களத்தில் கொட்டிய நெல் நனைகிறது. தார்ப்பாய் போட்டு மூடுகிறார்கள். மழை விட்டதும் தார் ரோட்டில் பரப்பிக் காய வைக்கிறார்கள். ரோட்டில் பாதி நெல்லுக்கு. மீதிப் பாதி பஸ்ஸுக்கு! கொள்முதல் நிலையத்திலோ, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. மழை மிகுந்த வருஷங்களில் அதைச் சற்றுத் தளர்த்துவதும் உண்டு.

இதனால் விவசாயிக்கு வரும் பண நஷ்டம் எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஆபத்தும் இதில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஈர நெல்லை அம்பாரமாகக் குவித்து வைத்தால், உள்ளே சூடு ஏறும். கையை விட்டுப் பார்த்தால் தெரியும். இரண்டொரு நாளில் மக்கல் வாடை வரும். பிறகு பூசணம் பூக்கும். எல்லாப் பூசணமும் விஷம் அல்ல. ஆனால், மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் ஒரு பூசணம் உண்டு. அதற்கு 'ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ்' என்று பெயர். அது கக்கும் விஷம்தான் 'ஆப்லடாக்ஸின்'. கல்லீரலைக் கெடுப்பது, நாளடைவில் அங்கே புற்றுநோயையும் உண்டாக்கக் கூடியது.

நெல்லைத் தூற்றிக் காய வைத்தால் பூசணம் போய்விடும். விஷம் போகாது. சோறாக வடித்தாலும் அது முழுவதும் அழிவதில்லை. நிறமோ, வாசனையோ, ருசியோ காட்டிக் கொடுக்காது. பின் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வான்கோழிகள் காட்டிய வழி

1960-ம் ஆண்டு. இங்கிலாந்தில் பண்ணை பண்ணையாக வான்கோழிகள் செத்து விழுந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, லட்சத்துக்கும் மேல்! காரணம் புரியாததால், 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள்.

துப்புத் துலக்கியபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது விஷயம். அந்தப் புண்ணாக்கின் சாற்றைப் பிரித்து, புறஊதா விளக்கின் கீழே வைத்துப் பார்த்தார்கள். இருட்டில் சில புள்ளிகள் நீலமாகவும், சில பச்சையாகவும் ஒளிவிட்டன! நீலத்துக்கும் பச்சைக்கும் உரிய ஆங்கில முதலெழுத்துக்களையே அவற்றுக்குப் பெயராக்கினார்கள்: பி1, பி2, ஜி1, ஜி2. நால்வரில் மகா கொடியவன் பி1.

இந்தியாவில் நடந்த துயரம்

இது சீமைக் கோழிக்கு வந்த வியாதி என்று நாம் இருந்துவிட முடியவில்லை. 1974-ம் ஆண்டின் கடைசி மாதங்களில் ராஜஸ்தானத்துப் பன்ஸ்வாரா, குஜராத்துப் பஞ்சமகால் பகுதிகளில் ஏழை மக்களுக்கு மஞ்சள் காமாலை கண்டது. வயிற்றில் நீர் கோத்தது. 397 பேர் நோயில் விழுந்தார்கள். அவர்களில் 106 பேர் இறந்தார்கள். அதே வீட்டுச் சாப்பாட்டைத் தின்ற நாய்களும் மாண்டன.

அறுவடைக் காலத்து மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளம்தான் எமனாக வந்தது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் ஆராய்ந்ததில், கிலோவுக்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை விஷம் இருந்தது தெரிந்தது. இன்று தானியத்துக்கு நம் நாட்டில் அனுமதித்திருக்கும் அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அதாவது, ஒரு டன் அரிசியில் ஒரே ஒரு நெல்மணியின் எடைகூட இல்லை! அந்தச் சோளத்தில் இருந்ததோ இதைப் போல 400 மடங்கு முதல் 1,000 மடங்கு வரை.

கடைத் தெரு தத்துவம்

இவ்வளவு சொற்பமான பொருளைப் பிரித்துக் காட்டும் முறைக்கு 'மென்படல நிறப்பிரிகை' என்று பெயர். 'தின் லேயர் குரோமட்டோகிராபி' என்பது இதுதான். பெயர்தான் பயமுறுத்துகிறது. தத்துவம் எளியது.

இரண்டு பேர் கடைத் தெருவில் நுழைகிறார்கள். ஒருவர் கடைக்குக் கடை நின்று விலை கேட்கிறார். மற்றவர் எங்கும் நிற்காமல் நடக்கிறார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் இருவரும் வெவ்வேறு இடத்தில் இருப்பார்கள் அல்லவா? அவ்வளவுதான்!

இங்கே கடைத் தெரு, ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் சிலிக்கா ஜெல் என்னும் வெள்ளை மாவைக் கால் மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசியிருப்பார்கள். கீழே வைத்த திரவம் அந்த மாவில் ஊறி மேலே ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல. கலவையில் உள்ள பொருள்களையும் தன்னோடு இழுத்துச் செல்லும். மாவை இறுகப் பற்றிக்கொள்ளும் பொருள் பின்தங்கும். பற்றில்லாதது முன்னே ஓடும்.

சோதனை நடக்கும் விதம்

அரிசியை மாவாக்கி, மெத்தனால் கலந்த தண்ணீரில் குலுக்கி வடிகட்டுகிறார்கள். அதிலுள்ள விஷத்தைக் குளோரோபாரத்துக்கு மாற்றி, சில சொட்டுக்களாகச் சுண்ட வைக்கிறார்கள். தகட்டின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் விட்டு, மயிரிழைக் கண்ணாடிக் குழாயால் ஒரு பொட்டு வைக்கிறார்கள். பக்கத்திலேயே அளவு தெரிந்த சுத்த ஆப்லடாக்ஸினையும் பொட்டுப் பொட்டாக வைக்கிறார்கள். 'அசல் திருடனை'ப் பக்கத்தில் நிறுத்தி அடையாள அணிவகுப்பு நடத்துவது போல!

பிறகு, குளோரோபாரமும் அசிட்டோனும் கலந்த கண்ணாடித் தொட்டியில் தகட்டை நிறுத்தி மூடுகிறார்கள். பொட்டுக்கள் திரவத்தில் முழுகக் கூடாது, முழுகினால் கரைந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் திரவம் ஏறிவிடும். தகட்டை உலர்த்தி, இருட்டறையில் புறஊதா விளக்கைப் போடுகிறார்கள். விஷம் இருந்தால் நீலப் புள்ளி பளிச்சென்று ஒளிவிடும்!

திரவம் 10 சென்டிமீட்டர் ஏறும்போது ஒரு புள்ளி 5 சென்டிமீட்டர் ஏறினால், அதன் எண் 0.5. ஒரே நிலைமையில் ஒரே பொருளுக்கு ஒரே எண்தான். வேறு பொருள் எதுவும் தற்செயலாக அங்கே வந்து நிற்கிறதோ என்ற சந்தேகம் வந்தால், கந்தகத் திராவகத்தைத் தெளிப்பார்கள். ஆப்லடாக்ஸினாக இருந்தால் நீல ஒளி மஞ்சளாக மாற வேண்டும். மாறாவிட்டால், அது வேறு ஆள்! எவ்வளவு விஷம் என்பதைப் பக்கத்துப் பொட்டுக்களின் ஒளியோடு ஒப்பிட்டு மதிப்பிடுகிறார்கள்.

இந்தப் பிரிக்கும் கலைக்கு வித்திட்டவர் ரஷ்யத் தாவர நிபுணர் ஸ்வெட். 1903-ல் இலைச் சாற்றைச் சுண்ணாம்புத் தூள் அடைத்த குழாயில் ஊற்றி, பச்சையையும் மஞ்சளையும் பிரித்துக் காட்டினார். 1938-ல் கார்கோவ் நகரின் இஸ்மாயிலோவும் ஷ்ரைபரும் குழாயை விட்டுக் கண்ணாடித் தகட்டுக்கு வந்தார்கள். 1956 முதல் ஜெர்மானியரான எகோன் ஸ்டால் அதைச் செம்மைப்படுத்தி, உலகம் முழுவதும் பரவச் செய்தார்.

இன்று இதைவிட நுட்பமான கருவிகள் வந்திருக்கின்றன. ஆனால் அவற்றின் விலை அதிகம். ஒரே தகட்டில் பல மாதிரிகளைச் சொற்பச் செலவில் பார்க்க இந்தக் கண்ணாடித் தகடே கைகொடுக்கிறது.

குத்தூசியும் வேண்டும்

தகடு பொய் சொல்லாது. ஆனால் கொடுத்த மாதிரியைப் பற்றித்தான் அது சொல்லும். விஷம் எல்லா மணியிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஒரு மூட்டையின் ஓரத்தில் மட்டும் இருக்கலாம். ஆகவே பல மூட்டைகளில் குத்தூசியால் குத்தி எடுத்து, நன்றாகக் கலந்த பிறகே சோதிக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டுச் சோற்றுத் தட்டைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் சேரும் அளவுக்கு இந்த விஷம் சாதாரணமாக அரிசியில் சேர்வதில்லை. கவனிக்க வேண்டியது தவிட்டை. தீட்டும்போது விஷத்தில் பெரும்பங்கு தவிட்டோடு போகிறது. அதைத் தின்னும் பசுவின் பாலில், சற்றே உருமாறி வந்து சேருகிறது. பாலை யார் குடிக்கிறார்கள்? நம் வீட்டுக் குழந்தைகள்! பூசணம் பிடித்ததை 'மாட்டுக்குத்தானே' என்று ஒதுக்கிப் போடுவது எவ்வளவு தவறு என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

நனைந்த குறுவை நெல்லைக் காப்பாற்றுவதற்கென்றே 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் பிறந்தது. அது வளர்ந்து, இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. இத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகும் முதல் மருந்து பழைய மருந்துதான்: நெல்லைச் சீக்கிரம் உலர்த்து, 14 சதவீத ஈரத்துக்குக் கொண்டு வந்து சேமித்து வை.

அதற்கு வெயில் வேண்டும். வெயில் இல்லாத நாளில் உலர்த்தும் இயந்திரம் வேண்டும். ஒழுகாத கூரை வேண்டும். தார் ரோட்டில் நெல்லோடு காத்துக் கிடக்கும் விவசாயிக்கு அவை கிடைத்துவிட்டால், இருட்டறையில் அந்த நீலப் புள்ளி ஒளிவிட வேண்டிய அவசியமே இருக்காது!