வால்பேப்பர் மாறும் நொடியில் உள்ளே நடக்கும் கொண்டாட்டம்

போனில் கடல் படத்தை வால்பேப்பராக வைக்கிறீர்கள். விரலை எடுப்பதற்குள் கடிகாரம் நீலமாகிறது, ஒலியளவுக் கோடு நீலமாகிறது, கால்குலேட்டர் பொத்தான்கள்கூட வெளிர்நீலத்துக்கு வந்துவிடுகின்றன! ஆண்ட்ராய்டு 12-இல் இதை முதலில் பார்த்தபோது, கேலரியில் இருந்த படங்களையெல்லாம் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்து என்ன நிறம் வரும் என்ற ஆவல் அடங்கவே இல்லை.

2021 மே 18 அன்று கூகுள் ஐ/ஓ மாநாட்டில் 'மெட்டீரியல் யூ' என்ற பெயரில் இதை அறிமுகம் செய்தார்கள். அக்டோபரில் பிக்சல் போன்களுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே வேலை செய்யும் எந்திரத்தின் பெயர் அதைவிட அழகு: மோனே. ரூவான் நகரத்துத் தேவாலயம் ஒன்றையே வெவ்வேறு வெளிச்சத்தில் முப்பது முறைக்கு மேல் தீட்டிய பிரெஞ்சு ஓவியரின் பெயர்! 2022 மார்ச்சில் ஆண்ட்ராய்டு 12எல் பதிப்போடு அதன் மூலநிரலும் பொதுவெளிக்கு வந்துவிட்டது. ஆகவே தைரியமாக எட்டிப் பார்க்கலாம், வாருங்கள்.

படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மோனே முதலில் அதைச் சுருக்கிவிடுகிறது. 112-க்கு 112, அதாவது 12,544 புள்ளிகளுக்கு மேல் போகக்கூடாது. அந்தப் புள்ளிகளை 128 நிறங்களாகத் திரட்டுகிறது. (நினைவகம் குறைந்த போன் என்றால் வேறு வழியில் 5 நிறங்களோடு முடித்துக்கொள்ளும்.) பிறகு சலிப்பு ஆரம்பம். சாம்பல் பூத்த நிறங்கள் வெளியே. அக்கம்பக்கத்து நிறங்களையும் சேர்த்து எண்ணி, படத்தில் 1 சதவீதம்கூடத் தேறாதவை வெளியே. மிச்சம் நிற்பவற்றுக்கு மதிப்பெண்: எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது, எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது.

இனி வருவதுதான் என்னைத் துள்ள வைத்த இடம். நமக்கு நான்கு நிறங்கள் வரை தேர்வு செய்யக் காட்ட வேண்டும். மதிப்பெண் வரிசைப்படி முதல் நான்கை எடுத்தால் கடல் படத்துக்கு நான்கும் நீலமாகவே வந்து நிற்கும். அதனால் வண்ணச் சக்கரத்தில் ஒன்றுக்கொன்று 90 பாகையாவது தள்ளியிருக்கும் நிறங்களைத் தேடுகிறது. நான்கு கிடைக்கவில்லையா? 89. அப்புறம் 88. இப்படியே 15 வரை இறங்கி வருகிறது. மணலில் சின்னதாக ஒரு சிவப்புக் குடை விரிந்திருந்தால், கூட்டத்தில் தொலைந்துபோகாமல் அதுவும் பட்டியலில் ஏறிவிட வாய்ப்பு உண்டு. எத்தனை கரிசனம் பாருங்கள்!

ஒரு நிறம் கிடைத்ததும் அதிலிருந்து ஐந்து வரிசைகள் பிறக்கின்றன. வரிசைக்கு 13 படிகள், ஆக மொத்தம் 65 நிறங்கள். முதல் வரிசை நாம் தேர்ந்தெடுத்த நிறம். இரண்டாவது அதே சாயலில் கொஞ்சம் அடங்கியது. மூன்றாவதுக்குச் சக்கரத்தை 60 பாகை திருப்பிவிடுகிறார்கள். பட்டுப்புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உடல் நிறத்தை விட்டுவிட்டு வேறொரு நிறத்தில் ஜாக்கெட் துணி எடுத்துப் போடுகிற மேட்சிங் சென்டர்காரரின் கை இது. கடைசி இரண்டும் சாயல் லேசாகப் படிந்த சாம்பல்கள், பின்னணிக்கு.

சரி, எந்தக் கோணங்கிப் படத்தை வைத்தாலும் எழுத்து படிக்க முடிகிறதே, எப்படி? கணினியில் பல காலமாகப் புழங்கும் எச்எஸ்எல் கணக்கில் சுத்த மஞ்சளுக்கும் சுத்த நீலத்துக்கும் 'வெளிச்சம்' ஒன்றுதான், 50 சதவீதம். கண்ணுக்கோ மஞ்சள் கூசுகிறது, நீலம் இருண்டு கிடக்கிறது. கண் உணர்கிறபடி அளந்தால் மஞ்சள் 97, நீலம் 32! எச்எஸ்எல் கணக்கை நம்பினால் மஞ்சள் பொத்தானில் வெள்ளை எழுத்து வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே கூகுள் புதிதாக எச்சிடி என்றொரு முறையையே உருவாக்கியது. சாயலும் செறிவும் கேம்16 என்ற பார்வை மாதிரியிலிருந்து. வெளிச்சம் 1976-இல் வகுத்த எல்-ஸ்டார் அளவிலிருந்து. இரண்டு நிறங்களுக்கிடையே வெளிச்சம் 50 படி தள்ளியிருந்தால் போதும், வாசிக்கத் தேவையான 4.5-க்கு 1 என்ற வேறுபாடு கட்டாயம் கிடைத்துவிடும். நிறம் எதுவாக இருந்தால் என்ன! பார்வை மங்கியவருக்கும் எழுத்து தெரிய வேண்டும் என்ற கவலை, இந்த அலங்காரத்தின் அஸ்திவாரத்திலேயே இருக்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய அழகு இந்தப் பதிப்பில் தெரியவில்லை.

பட்டியலின் நுனி வரை இழுத்தால் ரப்பர்போல நீளும் திரை, தொட்ட இடத்தில் மினுக்கும் பொடி எல்லாமும் இதே பதிப்பில் வந்தவைதான். ஆனால் மோனே தொடாத நிறம் ஒன்று உண்டு. கேமராவோ மைக்கோ இயங்கும்போது மேல் மூலையில் ஒரு புள்ளி எரியும். வால்பேப்பர் ரோஜாவாக இருந்தாலும் பாலைவனமாக இருந்தாலும் அது பச்சைதான். யாரோ நம்மைக் கேட்கிறார்கள் என்று சொல்லும் விளக்கு சூழலோடு இழைந்துபோய்விடக் கூடாதல்லவா!

போன் கையில்தானே இருக்கிறது? முகப்புத் திரையை அழுத்திப் பிடித்து, நிறைய நிறமுள்ள திருவிழாப் படம் ஒன்றை வையுங்கள். நிறத் தேர்வுகளைக் காட்டும் வட்டங்களில் முதலாவதோடு நின்றுவிடாதீர்கள். நான்காவது வட்டம் எங்கிருந்து வந்தது என்று படத்தில் தேடிப் பாருங்கள்.