உளவு பார்ப்பது யாரை, எதற்காக?

ஒரு நாட்டுக்குப் புலனாய்வுப் பிரிவு என்னத்துக்கு? இரகசியமாகத் தகவல் திரட்டத்தானே என்பார்கள் பலர். அது பாதிப் பதில். திரட்டிய தகவலை உரசிப் பார்த்து, இன்ன ஆபத்து வருகிறது, இப்படிச் செய்தால் தடுக்கலாம் என்று, முடிவெடுக்க வேண்டியவரின் கையில் நேரகாலத்தோடு கொடுப்பதுதான் மீதிப் பாதி. அது நடக்காவிட்டால் கோப்புகள் எவ்வளவு தடித்திருந்தும் பிரயோசனமில்லை.

2019 ஏப்ரல் 21 இல் 250க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்து இதை நாம் படித்தோம். ஏப்ரல் 4 ஆம் திகதியே அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளருக்கு இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. ஸஹ்ரானின் பெயர் அதில் இருந்தது. தேவாலயங்கள் இலக்கு என்றும், தற்கொலைத் தாக்குதல் என்றும் இருந்தது. 9 ஆம் திகதி தேசிய புலனாய்வுத் தலைவர் பொலிஸ் மா அதிபருக்குக் கடிதம் எழுதினார். 11 ஆம் திகதி பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவர் சில பாதுகாப்புப் பிரிவுகளுக்கு அதை அனுப்பிவைத்தார். மேசைக்கு மேசை கடிதம் போனது. தேவாலய வாசலுக்கு மட்டும் போகவில்லை. 2018 ஒக்டோபர் அரசியல் குழப்பத்துக்குப் பிறகு பிரதமரையும் பொலிஸ் மா அதிபரையும் தேசிய பாதுகாப்புச் சபைக்கு அழைப்பதையே விட்டிருந்தார்கள். தகவலைக் கொண்டுவந்து வைப்பதற்கு ஒரு மேசையே இல்லாமற் போன கதை இது.

2023 ஜனவரி 12 இல் உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மீறல் மனுக்களில் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி 100 மில்லியன் ரூபா, பொலிஸ் மா அதிபராக இருந்தவரும் அரச புலனாய்வுச் சேவைப் பணிப்பாளராக இருந்தவரும் தலா 75 மில்லியன், பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் 50 மில்லியன், தேசிய புலனாய்வுத் தலைவராக இருந்தவர் 10 மில்லியன் என நட்ட ஈடு கட்டச் சொன்னது. தெரியாமற் போனதற்கல்ல, தெரிந்தும் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதற்கு.

இந்தியா சொல்லித்தான் தெரிய வேண்டுமென்றும் இருக்கவில்லை. காத்தான்குடி மக்கள் அதற்கு முன்பே முறைப்பாடு செய்திருந்தார்கள். 2017 மார்ச் 10 மோதலுக்குப் பிறகு அந்த ஆள் தலைமறைவாகிவிட்டான். 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் வெடிபொருட்கள் அகப்பட்டன. நம்மட ஆக்களே விரலை நீட்டிக் காட்டிய இடத்தைப் பார்க்காமல் விட்டவர்கள், குண்டு வெடித்த பிறகு எல்லோரையும் பார்க்கத் தொடங்கினார்கள்.

இங்கேதான் எல்லை பற்றிய கேள்வி வருகிறது. பேர்ல் ஹார்பர் தாக்குதலை ஆராய்ந்து 1962 இல் நூல் எழுதிய ரொபர்டா வோல்ஸ்டெட்டர், அமெரிக்கர்களிடம் அன்று சமிக்ஞைகள் இல்லாமலில்லை, அவை பெரும் இரைச்சலுக்குள் அமுங்கிப் போயின என்று காட்டினார். இதை நமது நிலைமைக்குப் பொருத்திப் பாருங்கள். யார் தாடி வைத்திருக்கிறார், எந்தப் பள்ளியில் யார் பயான் செய்தார், எந்தக் கடையில் என்ன புத்தகம் இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டே போனால் கூடுவது இரைச்சல்தான். கண்காணிக்க வேண்டியது தீங்கு செய்யும் எண்ணமும் அதற்கான வசதியும் ஓரிடத்தில் சேர்கின்றனவா என்பதை. நம்பிக்கையும் உடுப்பும் அதற்கு அளவுகோலாகாது. ஒரு சமூகம் முழுவதையும் சந்தேகித்தால் இன்னொன்றும் நடக்கும்: அடுத்த முறை தகவல் சொல்ல வேண்டியவன் வாயைத் திறக்கமாட்டான்.

அஹ்னாப் ஜஸீமின் விடயத்தை இலக்கியவாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுப்பை எழுதிய இளம் ஆசிரியர். 2020 மே மாதம் பயங்கரவாத விசாரணைப் பிரிவினர் அவரைக் கைது செய்தனர். கவிதைகளில் தீவிரவாதம் இருக்கிறதாம். அவை வன்முறைக்கு எதிரானவை என்று தமிழ் தெரிந்தவர்கள் எடுத்துச் சொல்லியும் 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுவித்தது. விசாரணைப் பிரிவும் புலனாய்வுச் சேவையும் வேறு வேறு அமைப்புகள், உண்மைதான். ஆனால் இரண்டும் பார்க்கும் கண் ஒன்றாக இருந்தால், கைதானவருக்கு அதில் என்ன வித்தியாசம்? ஒரு கவிதையை வாசிக்கத் தெரியாத அமைப்புக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தை வாசிக்கத் தெரியாமற் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

எல்லையை யார் கீறுவது? பிரித்தானியாவின் எம்.ஐ.5 1909 இல் தொடங்கி 80 வருடங்கள் தனிச்சட்டம் இல்லாமலே இயங்கியது. 1989 இல் வந்த சட்டம்தான் அதன் பணி இன்னதென்று எழுதியது. எந்த அரசியல் கட்சியின் நலனுக்காகவும் அது வேலை செய்யக் கூடாதென்றும், பாதிக்கப்பட்டவர் முறையிட ஒரு நியாய சபை வேண்டுமென்றும் சொன்னது. 1994 இல் பாராளுமன்ற உறுப்பினர்களைக் கொண்ட மேற்பார்வைக் குழுவும் வந்தது. அந்தச் சட்டத்திலும் ஓட்டைகள் உண்டு. ‘தேசிய பாதுகாப்பு’ என்ற சொல்லுக்கு அது வரைவிலக்கணம் தரவில்லை. என்றாலும் அங்கே ஒருவர், “இது உங்கள் வேலையில்லை” என்று சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம்.

நம் நாட்டில் 1984 இல் தேசிய புலனாய்வுப் பணியகமாகத் தொடங்கி, பின்பு அரச புலனாய்வுச் சேவையாகப் பெயர் மாறிய அமைப்பு, பல தசாப்தங்களாக அப்படியொரு தனிச்சட்டம் இல்லாமலே இயங்கி வந்திருக்கிறது. பள்ளி நிருவாகிகளின் பெயர்ப்பட்டியலைக் கேட்டு ஒருவர் வந்து நின்றால், எந்த அதிகாரத்தின் கீழ் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க நிருவாகியிடம் காட்டுவதற்கு ஒரு வாசகமும் இல்லை. வந்தவரிடமும் இல்லை.